எரிச்சல் எனக்கு, புண் அவருக்கு: இரைப்பை அமிலமும் உணவுக்குழாயும்

பதிவு 1 | குடந்தை மேகலா | ஞாயிறு, இரவு 9:42

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம். ஒரே வீட்டில், மூன்று வார இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு எண்டோஸ்கோபி அறிக்கைகளை அருகருகே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முதலாவது என்னுடையது. ஆறு ஆண்டுகளாக எனக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது. வாரத்தில் நான்கு நாளாவது மார்பு நடுவிலிருந்து தொண்டை வரை தீப்பிடித்தது போலிருக்கும். என் உணவுக்குழாய் முழுவதும் இயல்பாக இருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. இரண்டாவது என் கணவருடையது. அவருக்கு வயது 52. எப்போதாவது புளித்த ஏப்பம் வரும், இரவில் வறட்டு இருமல் வரும், அவ்வளவுதான். எரிச்சல் என்று ஒரு நாளும் சொன்னவரில்லை. அண்மையில் சோற்றுக் கவளம் நெஞ்சுக்குள் சற்றே நின்று இறங்குவது போலிருக்கிறது என்றார், அதற்காகத்தான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவருடைய அறிக்கையில் 'எல்.ஏ. கிரேடு சி' உணவுக்குழாய் அழற்சி என்றும், சிறிய ஹயாட்டஸ் ஹெர்னியா (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் துளை வழியே இரைப்பையின் மேல்முனை மார்புக்குள் ஏறியிருப்பது) என்றும் எழுதியிருக்கிறது. அமிலச் சுரப்பை அடக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை எட்டு வாரம் எடுத்துக்கொண்டு மறுபடியும் எண்டோஸ்கோபிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

துடித்தவள் நான், புண் வந்தது அவருக்கு. அமிலம் உணவுக்குழாயை அரிக்கிறது என்றால் அரிப்பு உள்ள இடத்தில் அல்லவா வலி இருக்க வேண்டும்? இன்னொன்றும் விளங்கவில்லை. இதே அமிலம் இரைப்பைக்குள் நாள் முழுவதும் கிடக்கிறதே, இரைப்பை ஏன் அரிபடுவதில்லை? மருத்துவரிடமே கேட்டிருப்பேன், அறைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

பதிவு 2 | நுண்குடுவை | ஞாயிறு, இரவு 11:05

மேகலா அவர்களுக்கு, நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவன். ஆகவே உங்களுடைய இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரைப்பைச் சாற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் 1823-இல் ராயல் சொசைட்டியில் அறிவித்தபோது எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆய்வகக் குப்பியில் துத்தநாகத்தைக் கரைக்கும் ஒரு பொருளை உயிருள்ள திசு எப்படிச் சுரந்துவிட்டுத் தானும் பிழைத்திருக்கும் என்ற ஐயம் எழுவது இயல்பே. வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை, 7 நடுநிலை) ஏறத்தாழ 1 முதல் 2 வரை இருக்கும். இரைப்பையின் உட்பரப்புச் செல்களோ தங்கள் மேல் கூழ் போன்ற சளிப்படலம் ஒன்றை இடைவிடாமல் விரித்துக்கொண்டே இருக்கின்றன, அந்தப் படலத்துக்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் சுரக்கின்றன. அதனால் படலத்தின் மேற்புறம் கடும் அமிலமாக இருக்கும்போதே, செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்புறம் ஏறக்குறைய நடுநிலையில் இருக்கிறது. அதையும் மீறிச் சேதமடையும் மேற்பரப்புச் செல்கள் சில நாள்களுக்குள் புதுப்பிக்கப்பட்டுவிடுகின்றன.

உணவுக்குழாய்க்கு இந்தக் கவசம் கிடையாது. அதன் உட்சுவர் நம் கன்னத்தின் உட்புறம் போல அடுக்கடுக்கான தட்டைச் செல்களால் ஆனது. முறுக்கும் முள்ளும் உரசிக்கொண்டு இறங்குவதைத் தாங்குவதற்கேற்ற சுவர் அது. அமிலக் குளியலைத் தாங்குவதற்கேற்றதன்று. அமிலம் முதலில் செல்களுக்கிடையே உள்ள பிணைப்புகளைத் தளர்த்துகிறது, இடைவெளிகள் விரிகின்றன, அவற்றின் வழியாக அமிலம் அடி அடுக்குகளுக்குக் கசிகிறது. மின்னணு நுண்ணோக்கியில் இந்த விரிசல்களைக் காணலாம். எண்டோஸ்கோபிக் கருவியின் கண்ணுக்கு அவை தெரியா. மேகலா அவர்களின் 'இயல்பான' அறிக்கைக்கு இதிலேயே பாதி விடை இருக்கக்கூடும்.

அமிலம் தனியாகவும் வருவதில்லை. 1836-இல் தியோடோர் ஷ்வான் பிரித்தெடுத்துப் பெயரிட்ட பெப்சின் என்னும் நொதி கூடவே வருகிறது. இறைச்சிப் புரதத்தைச் செரிக்கும் அந்த நொதிக்கு உணவுக்குழாயின் சுவரும் புரதம்தான். பி.எச். 4-க்கு மேல் போனால் அதன் வேகம் பெரிதும் அடங்கிவிடும். ஆய்வுகளில் '4-க்குக் கீழே எத்தனை நேரம்' என்று கணக்கிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1-க்கும் 4-க்கும் இடையே மூன்று படிதான் என்று எண்ணிவிட வேண்டாம். அது மடக்கை அளவு, ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆகவே வேறுபாடு ஆயிரம் மடங்கு.

பதிவு 3 | இயற்கைநாடி | திங்கள், காலை 6:30

எல்லோரும் அமிலம் கூடிவிட்டது என்ற எண்ணத்திலேயே பேசுவதாகத் தோன்றுகிறது. நான் பத்து ஆண்டுகளாக இயற்கை உணவு முறையைப் பின்பற்றுகிறேன். நான் படித்தவரையில் உண்மை இதற்கு நேர் எதிரானது. அமிலம் குறைவதால்தான் உணவு செரிக்காமல் புளித்து, வாயு உண்டாகி, மேல்நோக்கித் தள்ளுகிறது. வயதாக ஆக அமிலம் குறைகிறது, நெஞ்செரிச்சலோ கூடுகிறது; இந்த முரணை மாத்திரை ஆதரவாளர்கள் எப்படி விளக்குவார்கள்? உணவுக்கு முன் ஒரு கரண்டி ஆப்பிள் சிடர் வினிகரைத் தண்ணீரில் கலந்து குடித்துப் பார்க்குமாறு சகோதரி மேகலாவையும் அவருடைய கணவரையும் கேட்டுக்கொள்கிறேன். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, ஐந்து நிமிடத்தில் ஏப்பம் வராவிட்டால் அமிலம் குறைவு என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளவும் முடியும்.

பதிவு 4 | பொருநைக்கரையான் | திங்கள், பிற்பகல் 2:18

முப்பத்திரண்டு ஆண்டுகள் குடல் நோய் மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேகலா அம்மா, உங்கள் கணவரின் கிரேடு சி புண்ணின் மேல் வினிகரை ஊற்ற வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

இயற்கைநாடி ஐயா சொன்னதில் ஒரு பாதி சரி. எதுக்களிப்பு (இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்குள் மேலேறுவது) நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அமிலச் சுரப்பு மற்றவர்களுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து 'குறைவு' என்ற முடிவுக்குத் தாவ முடியாது. அமிலம் அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு நோய் உண்டு. 1955-இல் ஸோலிங்கரும் எலிசனும் விவரித்தது. அந்த நோயாளிகளில் பலருக்கு உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டிருக்கும். மறுபக்கம், அமிலத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலோரின் புண் எட்டு வாரங்களில் ஆறிவிடுகிறது. அமிலம் குறைவதுதான் காரணமென்றால் மருந்து புண்ணைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். வயதைப் பற்றிய கேள்விக்கும் விடை இருக்கிறது. நலமான இரைப்பையில் வயது கூடுவதனால் மட்டும் அமிலம் குறைந்துவிடுவதில்லை. நீண்டகாலம் அழற்சியுற்று மெலிந்த இரைப்பையில்தான் குறைகிறது. வயதோடு உறுதியாகத் தளர்பவை வேறு: உணவுக்குழாயின் அலையசைவு, உமிழ்நீர், உதரவிதானத்தின் பிடிப்பு.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அது எப்போதும் தொளதொளவென்று திறந்தே கிடக்கிறது என்றுதான் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது எண்ணியிருந்தோம். பெரும்பாலோரிடம் அப்படியில்லை. விழுங்காத நேரத்திலும் சில நொடிகள் அது தானாகத் தளர்கிறது. நாம் ஏப்பம் விடுவதே அந்த வழியில்தான். வயிறு விரிந்தால் இந்தத் தளர்ச்சி அடிக்கடி நிகழும். நலமானவர்களிடம் பெரும்பாலும் காற்று மட்டும் வெளியேறுகிறது, நோயாளிகளிடம் காற்றோடு அமிலமும் ஏறுகிறது. விருந்து சாப்பிட்ட பின்பு, உணவோடு கலக்காத அமிலம் இரைப்பையின் மேல்முனையில் ஒரு சிறு குட்டை போலத் தங்கியிருப்பதை கிளாஸ்கோவில் ஆய்வு செய்தவர்கள் 2001-இல் காட்டினார்கள். உணவு அமிலத்தை மட்டுப்படுத்தும் நேரத்திலும் நெஞ்சு ஏன் எரிகிறது என்ற நெடுங்காலப் புதிருக்கு அதுவே விடையாக அமைந்தது. ஹயாட்டஸ் ஹெர்னியா இருப்பவருக்கு இந்தக் குட்டை உதரவிதானத்துக்கு மேலே ஏறி, உணவுக்குழாயின் வாசற்படியிலேயே நிற்கும். உங்கள் கணவருக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான்.

இனி வலிக்கு வருகிறேன். 1958-இல் பெர்ன்ஸ்டைன், பேக்கர் என்ற இருவர் ஒரு சோதனையை விவரித்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, நோயாளி அறியாதபடி ஒரு முறை உப்புநீரையும் மறுமுறை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உணவுக்குழாயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அமிலம் இறங்கும்போது சிலர் துடித்துப் போவார்கள், சிலருக்கு ஒன்றும் தெரியாது. புண்ணின் அளவுக்கும் துடிப்பின் அளவுக்கும் பொருத்தம் இராது. என் அனுபவத்திலும் அப்படியே. நெஞ்செரிச்சலோடு வந்து எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் உணவுக்குழாய் பார்வைக்கு இயல்பாகத்தான் இருக்கும். அவர்களில் ஒரு சாராரிடம் உணர்வு நரம்பு முனைகள் மேல்தளத்துக்கு மிக அருகில் வந்துவிட்டிருப்பதை லண்டனில் திசு எடுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் அமிலத்தை உணரும் ஏற்பிகளில் ஒன்றான டி.ஆர்.பி.வி.1 மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியும்தான். 'மிளகாய் அரைத்துப் பூசினாற்போல எரிகிறது' என்று என்னிடம் சொன்ன பாட்டிமார் எத்தனையோ பேர். அவர்கள் உடலியங்கியலைத் துல்லியமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

பதிவு 5 | நுண்குடுவை | திங்கள், மாலை 4:50

சோடா சோதனை பற்றி ஒரு சொல். பைகார்பனேட் அமிலத்தோடு சேர்ந்தால் கரிவளி வரும் என்பது சரி. அந்த வளி எப்போது ஏப்பமாக வெளியேறும் என்பது, விழுங்கிய காற்று, சுருக்குத்தசையின் தளர்ச்சி, இரைப்பை காலியாகும் வேகம் எனப் பலவற்றைப் பொறுத்தது. கடிகாரத்தைப் பார்த்து அமிலத்தை அளப்பது என் ஆய்வகத்தில் நடந்திருந்தால் மாணவனைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பேன். வினிகரின் பி.எச். 2.5 முதல் 3 வரை. நீரில் கலந்தாலும் அது அமிலமே.

பதிவு 6 | ஆலைச்சங்கு | செவ்வாய், அதிகாலை 3:37

இரவுப் பணி இடைவேளையில் எழுதுகிறேன். எனக்கும் கிரேடு பி இருந்தது, ஆகவே சோதனைச்சாலைச் செய்திகளோடு ஒரு தொழிலாளியின் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும், ஐந்தரைக்கு மறுபடியும் ஏதாவது, ஆறே காலுக்கு வீட்டில் படுக்கை என்றுதான் நான்கு ஆண்டுகள் ஓடின. மாத்திரை எடுக்கும்போது நன்றாக இருப்பேன், நிறுத்தியதும் திரும்பிவிடும். எனக்கு இதை விளங்க வைத்தவர் ஒரு பயிற்சி மருத்துவர். விழித்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஒரு முறையாவது உமிழ்நீரை விழுங்குகிறோம், அதிலுள்ள பைகார்பனேட் மிச்ச அமிலத்தைக் கழுவிவிடுகிறது, புவியீர்ப்பும் துணை செய்கிறது. தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும், விழுங்குவதும் அரிதாகிவிடும், படுத்திருப்பதால் ஈர்ப்பும் இல்லை. பகலில் சில நிமிடங்களில் இறங்கிவிடும் அமிலம் இரவில் நெடுநேரம் அங்கேயே தேங்கிவிடும். புண்ணை உண்டாக்குவது அமிலம் தொட்டது என்பதைவிட, எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தது என்பதே என்றார் அவர்.

அதற்குப் பிறகு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொள்ளத் தொடங்கினேன். இரவுப் பணிக்காரனுக்கு அது எளிதன்று. மூன்று மணிக்கு மேல் பசியோடு இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். இடப்பக்கமாகப் படுக்கிறேன். இரைப்பையின் பெரிய பகுதி இடப்பக்கம் இருப்பதால் அப்படிப் படுக்கும்போது அமிலம், உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தைவிடத் தாழ்ந்து நிற்குமாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே ஆறு அங்குல மரக்கட்டைகள் வைத்திருக்கிறேன். தலையணைகளை அடுக்கிப் பார்த்து ஏமாந்த பிறகுதான் கட்டைக்கு வந்தேன். தலையணை இடுப்பில் மடக்கி வயிற்றை அழுத்துகிறது, அழுத்தினால் அமிலம் ஏறத்தானே செய்யும்? பரோட்டாவை விட்டேனா என்று கேட்காதீர்கள், குறைத்திருக்கிறேன்.

பதிவு 7 | யாழ்வாணி | செவ்வாய், இரவு 10:12

நான் இங்கிலாந்தில் எண்டோஸ்கோபிப் பிரிவொன்றில் தாதியாகப் பணியாற்றுகிறேன். நாங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் உணவுக்குழாயைக் 'களம்' என்றே படித்தோம்; ஆகவே உங்களுடைய பதிவுகளைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

மேகலா அக்காவின் கணவரை மறுபடியும் வரச் சொன்னது ஏன் என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை. 'எல்.ஏ.' என்பது லொஸ் ஏஞ்சலிஸ் வகைப்பாடு. ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்படாத கீறல் 'ஏ', அதைவிட நீளமானால் 'பி'; கீறல்கள் மடிப்புகளைத் தாண்டி ஒன்றோடொன்று சேர்ந்தாலும் குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கைத் தொடாவிட்டால் 'சி', தொட்டால் 'டி'. 'சி', 'டி' நிலைகளில் களம் சிவந்து வீங்கியிருப்பதால் அடியில் வேறு மாற்றம் இருக்கிறதா என்று தெளிவாகப் பார்க்க இயலாது. ஆறிய பிறகு பார்க்க வேண்டியது பாரெட் மாற்றம். தட்டைச் செல்கள் இருந்த இடத்தில் குடலுக்குரிய நெடிய செல்கள் முளைத்து, வெளிர்ச் சுவர் இளஞ்சிவப்புக் கம்பளம் போலாகும் நிலை அது. அமிலத்தைத் தாங்கக்கூடிய செல்கள் என்பதால் அந்த மாற்றம் வந்தவருக்கு எரிச்சல் குறைந்தும் போகலாம். எரிச்சல் நின்றுவிட்டது என்று மகிழ்ந்து வந்த ஒரு முதியவருக்கு எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாரெட் இருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

பெயருக்குரியவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அறுவை வைத்தியர் நோர்மன் பாரெட். வேடிக்கை என்னவென்றால், 1950-இல் அவர் எழுதியபோது அது களமே அன்று, மார்புக்குள் இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் வாதிட்டார். 1953-இல் அலிசனும் ஜோன்ஸ்டனும் அது களம்தான் என்று காட்டினார்கள், 1957-இல் பாரெட் அதை ஏற்றுக்கொண்டார். பெயர் என்னவோ அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

அக்கா பயப்பட வேண்டாம். டென்மார்க்கில் ஏறத்தாழ 11,000 பாரெட் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் புற்றாக மாறியது 0.12 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவு. இங்கே இப்போது நூலில் கட்டிய ஒரு குளிசையை (மாத்திரையை) விழுங்கச் செய்து, இரைப்பையில் அது கரைந்து உள்ளிருக்கும் பஞ்சு விரிந்ததும் நூலை இழுத்து, வழியெல்லாம் உள்ள செல்களைச் சேகரிக்கும் முறையையும் பயன்படுத்துகிறார்கள். கேம்பிரிட்ஜில் ரெபேக்கா ஃபிட்ஸ்ஜெரல்ட் குழுவினர் உருவாக்கியது.

பதிவு 8 | இயற்கைநாடி | புதன், காலை 7:02

கிரேடு சி புண்ணுக்கு வினிகர் சொன்னது தவறு. நான் அறிக்கையைக் கவனமாகப் படிக்காமல் எழுதிவிட்டேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் என் அடிப்படைக் கவலையை யாரும் தொடவில்லை. எந்தக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனாலும் சீட்டில் முதலில் ஒரு 'கேஸ் மாத்திரை' இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். இயற்கை தந்த ஒரு சுரப்பை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்தால் எலும்பும் சிறுநீரகமும் நினைவாற்றலும் என்னவாகும்? இதற்கு நேர்மையான விடை வேண்டும்.

பதிவு 9 | பொருநைக்கரையான் | புதன், பிற்பகல் 3:33

திரும்பப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி ஐயா. உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பான்டோபிரசோலின் குடும்பத்தைச் சேர்ந்த ஓமிபிரசோல் 1988-இல் சுவீடனில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு கடுமையான உணவுக்குழாய்ப் புண்ணோடு வந்தவர்கள் படிப்படியாகக் குழாய் சுருங்கி, திட உணவு இறங்காமல், அதை விரிவாக்கிக்கொள்ள மாதந்தோறும் வருவார்கள். அந்த வரிசை என் கண்முன்னே குறைந்தது. அதே மருந்துக் குடும்பம் இன்று தேவையே இல்லாத இலட்சக்கணக்கானோரின் வயிற்றுக்குள் போகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

தீமைகளைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை, மாத்திரை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட பதிவேட்டு ஆய்வுகளிலிருந்து வருபவை. மாத்திரை எடுப்பவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்பதால் அந்த ஒப்பீட்டில் எது காரணம், எது உடன்வருவது என்று பிரிப்பது கடினம். குலுக்கல் முறையில் 17,598 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோலும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதத்துக்கு. அமிலம் கிருமிகளுக்குக் காவல் என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே. எலும்பு முறிவோ, சிறுநீரக நோயோ, மறதி நோயோ கூடவில்லை. மூன்று ஆண்டுகள் முப்பது ஆண்டுகள் ஆகா என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். மெக்னீசியமும் பி12-உம் சிலருக்குக் குறைவதுண்டு, நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு அவற்றைப் பார்க்க வேண்டும்.

நிறுத்தும்போது வரும் சிக்கலைப் பலர் அறிவதில்லை. டென்மார்க்கில் எந்த எரிச்சலும் இல்லாத 120 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு எட்டு வாரம் அதே குடும்பத்து எசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பின்பு அவர்களில் 44 சதவீதத்தினருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, செரியாமை போன்றவை வந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு. அடக்கி வைத்த சுரப்பு சில வாரங்களுக்குத் துள்ளி எழுகிறது. 'நிறுத்தினால் எரிகிறதே, அப்படியானால் எனக்கு நோய் இருக்கிறது' என்று எண்ணி மறுபடி தொடங்குபவர்கள் அந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதே இல்லை. சிறிது சிறிதாகக் குறைப்பதும், இடையில் சாதாரண அமிலநீக்கி மருந்தை வைத்துக்கொள்வதும் உதவும்.

மாத்திரையை எப்படி எடுப்பது என்பதிலேயே பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். அது, இரைப்பைச் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் அமில ஏற்றிகளில் அப்போது இயங்கிக்கொண்டிருப்பவற்றைத்தான் பூட்டும். சாப்பிடும்போதுதான் அவை பெருமளவில் இயங்கத் தொடங்கும், ஆகவே உணவுக்கு அரை மணி நேரம் முன்பே மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். இரவு சாப்பிட்டுப் படுக்கும்போது ஒன்றைப் போட்டுக்கொண்டு 'எனக்கு வேலை செய்யவில்லை' என்று வருபவர்கள் ஏராளம்.

புற்றுநோய் பற்றி யாழ்வாணி அம்மா எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அமிலத்தோடும் பாரெட்டோடும் தொடர்புடைய வகை மேலை நாடுகளில் பெருகிய வகை. நம் நாட்டில் உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பங்கு தட்டைச் செல்களில் எழும் வேறு வகை. அதன் பின்னால் புகையிலையும் மதுவும் பாக்கும் இருக்கின்றன. வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெஞ்செரிச்சலுக்கு மட்டும் அஞ்சுவது எனக்கு எப்போதும் வியப்பு.

கடைசியாக ஒன்று, இது நம் பேச்சைவிட்டு விலகுவதன்று. இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் வலியை எடுத்துச் செல்லும் நரம்புப் பாதைகள் பெரும்பாலும் பொதுவானவை. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் வலி ஆகியவற்றைக் 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டு சோடா குடித்துக் காத்திருந்தவர்களை நான் காலங்கடந்து பார்த்திருக்கிறேன். முதலில் இ.சி.ஜி. எடுங்கள், பிறகு என்னைப் போன்றவர்களிடம் வாருங்கள்.

பதிவு 10 | நுண்குடுவை | புதன், இரவு 9:15

மருத்துவர் ஐயாவிடம் ஒரு மாணவன் கேள்வி. பதிவு 2-இல் அமிலம் மேலிருந்து அரித்துக்கொண்டு கீழிறங்குவதாக எழுதினேன். டல்லஸில் எலிகளின் உணவுக்குழாயை எதுக்களிப்புக்கு உள்ளாக்கியவர்கள், முதலில் அடி அடுக்கில்தான் வெள்ளணுக்கள் கூடுகின்றன, மேற்பரப்பு கெடுவது வாரங்கள் கழித்தே என்று 2009-இல் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் 'அமிலம் சுடுகிறது' என்ற பழைய சித்திரமே தவறா?

பதிவு 11 | பொருநைக்கரையான் | வியாழன், காலை 11:20

அதே குழுவினர் 2016-இல் மனிதர்களிடமும் பார்த்தார்கள். கடுமையான புண் ஆறிய 12 பேரின் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி, திசு எடுத்தார்கள். அங்கும் நிணநீரணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் அடியிலிருந்துதான் முதலில் கூடின, மேற்பரப்புச் செல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அமிலமும் பித்த உப்புகளும் செல்களைச் சீண்ட, செல்கள் வேதிச் செய்தி அனுப்பி அழற்சி அணுக்களை வரவழைக்கின்றன, அந்த அணுக்களே சுவரைக் கெடுக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். பன்னிரண்டு பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனாலும் எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. அமிலம் பட்ட சில நிமிடங்களில் வரவேண்டிய தீப்புண், வாரக்கணக்கில் மெல்ல உருவாவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம், கேள்வி கேட்கத்தான் தோன்றவில்லை. உங்கள் விரிசல்களும் பொய்யல்ல, ஆசிரியரே. இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடும்.

பதிவு 12 | குடந்தை மேகலா | பத்து வாரங்களுக்குப் பின், சனி, மாலை 6:08

எல்லோருக்கும் நன்றி சொல்வதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. கணவருக்கு இரண்டாம் எண்டோஸ்கோபி முடிந்தது. புண் முழுவதும் ஆறியிருக்கிறது. எடுத்த திசுவில் பாரெட் மாற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. கவளம் நின்று இறங்குவதும் போய்விட்டது. ஹெர்னியா இருப்பதாலும், முதலில் கிரேடு சி இருந்ததாலும், மாத்திரையை அவர் நிறுத்த வேண்டாம், குறைந்த அளவில் தொடரட்டும் என்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் கொல்லைப்புறத்துச் செங்கற்களை வைத்தோம். முதல் இரவு இருவரும் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே இருந்தோம்.

என் கதைதான் எதிர்பாராதது. நான் எடுத்துவந்த அமில மாத்திரையை ஏழு நாள் நிறுத்திவிட்டு, மூக்கு வழியே மெல்லிய கம்பிக் குழாய் விட்டு 24 மணி நேரம் பி.எச். அளந்தார்கள். இடுப்பில் ஒரு சிறு பெட்டி. எரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முகத்தில் பிளாஸ்திரியோடு அலுவலகத்துக்கும் போனேன். நாளில் 1.8 சதவீத நேரம்தான் என் உணவுக்குழாயில் பி.எச். 4-க்குக் கீழே இருந்திருக்கிறது. நான்கு சதவீதம் வரை இயல்பாம். ஆனால் நான் பொத்தானை அழுத்திய 14 முறைகளில் 11 முறை அந்த நிமிடத்தில் அமிலம் மெய்யாகவே ஏறியிருக்கிறது. எல்லோருக்கும் ஏறி இறங்கும் அளவு அமிலம்தான், என் நரம்புகள் அதை ஒவ்வொரு முறையும் அறிவிக்கின்றன. ஆறு ஆண்டுகளாக 'மனப்பிரமை' என்று சொன்ன உறவினர்களுக்கு அந்த வரைபடத்தைக் காட்டினேன்.

இப்போது மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொண்டு, இரவில் நரம்பின் கூருணர்வைத் தணிக்கும் மருந்து ஒன்றை மிகச் சிறிய அளவில் கொடுத்திருக்கிறார்கள். கூடிய அளவில் மனச்சோர்வுக்குத் தரும் மருந்து அது என்று சீட்டைப் படித்த மருந்துக் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். நெஞ்சு எரிவதற்கு என்று நான் உரக்கவே சொன்னேன். வாரத்தில் நான்கு நாள் இருந்தது இப்போது ஒரு நாளாகியிருக்கிறது.